கடல்கட்டியும் ஒரு மீட்டரும்

சென்ற வசந்தத்தில் என் மகள் அலைச்சறுக்குப் பலகை ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, அதன் விலையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. சுறாவைப் பற்றித்தான் பேசினோம். பெர்த் நகருக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. டிரிக் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். 2023 பிப்ரவரியில், இந்நகரின் நடுவே ஓடும் ஸ்வான் ஆற்றில், பதினாறு வயதுப் பெண்ணொருத்தி சுறா கடித்து இறந்தாள். கடலில்கூட அல்ல, ஆற்றில். அப்போது என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இப்போது அவளுக்கும் பதினாறு. மதுரையில் பிறந்து, வைகையைப் பெரும்பாலும் மணலாகவே பார்த்து வளர்ந்த என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். சுறாவை விரட்டும் கருவி ஏதோ விற்கிறார்களாமே, அது உண்மையிலேயே வேலை செய்யுமா என்று நான் பார்த்துச் சொல்லவேண்டும்; செய்யுமென்றால் பெண் போகலாம்.

இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் தொழில். தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் மின்கசிவுத் துண்டிப்பான்களைச் சோதித்துச் சான்றளிப்பது என் வேலை. நம் ஊரில் இஎல்சிபி என்று சொல்கிறோமே, அதுதான். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் அது நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். துண்டிக்கிறதா என்பதை யூகிக்கவேண்டிய அவசியமே இல்லை; என் பெட்டியை இணைத்து, வேண்டுமென்றே கசியவிட்டு, எத்தனை மில்லிநொடி என்று பார்த்துவிடலாம். அதன் முகப்பிலேயே ஒரு டெஸ்ட் பட்டனும் உண்டு. சுறாக் கருவியின் பெட்டியைக் கடையில் கையில் எடுத்துப் புரட்டியபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இதற்கு டெஸ்ட் பட்டன் எங்கே? ஒரு விளக்கு எரிகிறது, மின்கலம் நிறைந்திருக்கிறது என்கிறது. அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. சுறா வராத நாளில் கருவி வேலை செய்ததா, சுறாதான் வரவில்லையா என்பதைப் பலகையில் படுத்திருப்பவரால் சொல்லவே முடியாது.

ஆனால் கருவிக்கு அடிப்படையான கொள்கை வலுவானது. சுறாவின் மூக்கிலும் முகவாயிலும் மிளகுத் தூளைத் தூவியதுபோலக் கருந்துளைகள் இருக்கும். சந்தையில் சுறா வாங்கியவர்கள் பார்த்திருப்பீர்கள். 1678இல் இத்தாலியரான ஸ்டெஃபானோ லோரென்சினி அவற்றை அறுத்துப் பார்த்து, ஒவ்வொரு துளையும் கூழ் நிறைந்த சிறு குழாயில் சென்று முடிவதை எழுதிவைத்தார். அவை எதற்கு என்பது தெரியவர ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. நெதர்லாந்து அறிவியலாளரான கால்மைன் 1971இல் வெளியிட்ட சோதனைகள், நான் படித்தவற்றுள் மிக அழகானவை. தொட்டியின் மணலுக்கடியில் ஒரு தட்டை மீனைப் புதைத்தார். பூனைச்சுறா நேராக வந்து தோண்டியது. மீனை அகர் கூழாலான அறைக்குள் மூடிவைத்தார். நோன்புக் காலத்தில் காயல்பட்டினத்து வீடுகளில் செய்யும் கடல்பாசி இருக்கிறதல்லவா, அதே பொருள்தான். அதன் வழியே மீனின் வாசம் அவ்விடத்தில் வெளிப்படாது, ஆனால் மின்சாரம் ஊடுருவும். சுறா அப்போதும் அதே இடத்தில் தோண்டியது. அகரின் மேல் மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்தார். சுறா மீனின் மேலேயே நீந்திச் சென்றும் எதையும் உணரவில்லை. கடைசியில் மீனே இல்லாமல், மணலுக்கடியில் இரண்டு மின்முனைகளை வைத்து மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினார். சுறா மின்முனைகளைத் தோண்டியது. ஒவ்வொரு ஐயத்தையும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகும் இப்படியொரு சோதனையைப் பார்த்தால், சோதிப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டின் நூறு கோடியில் சில பங்குகளையே உணரும் உறுப்பு அது. அவ்வளவு நுண்ணிய காதுக்குப் பக்கத்தில் ஓங்கித் தவிலடித்தால் என்னாகும் என்பதே இக்கருவிகளின் சிந்தனை. இரண்டு மின்முனைகள் கடல்நீரில் இருக்கும். அவற்றுக்கிடையே நொடிக்கு ஓரிரு முறை வலுவான மின்துடிப்பு பாயும். நெருங்கிவரும் சுறாவின் மூக்குத்துளைகள் அதைத் தாங்காமல் அது திரும்பும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் சுறா வாரியம் 1990களில் இம்முறையில் மூழ்குவோருக்கான முதல் கருவியை உருவாக்கியது. இன்று ஆஸ்திரேலியாவில் விற்கும் முக்கியமான கருவிகள் அதன் வழிவந்தவையே. எலும்புமீன்களுக்கும் ஆமைக்கும் இந்தத் துளைகள் இல்லை என்பதால் அவை இதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மனிதருக்கு மின்முனையைத் தொட்டால் தசை துடிக்கும். கடையிலிருந்து கொண்டுவந்ததும் குளியல் தொட்டியில் உப்பைக் கொட்டி நான் செய்த முதல் சோதனை அதுதான். முழங்கை தானாகவே ஒருமுறை வெட்டியிழுத்தது. என் மனைவிக்கு அதைப் பார்த்ததும் கருவியின்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

எனக்கு வந்தது கவலை. இப்படி இரு முனைகளிலிருந்து நீருக்குள் பரவும் மின்புலம், தூரம் கூடக் கூடச் சாதாரணமாகக் குறைவதில்லை. தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஒரு மீட்டரில் எட்டுப் பங்கு இருந்தால் இரண்டு மீட்டரில் ஒரு பங்குதான் இருக்கும். காக்கும் எல்லையை இரட்டிப்பாக்க நினைத்தால் அதே முனைகளில் எட்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டம் எட்டு மடங்கானால் மின்கலம் கொடுக்கவேண்டிய திறன் அறுபத்துநான்கு மடங்காகும். பலகையின் வாலில் கட்டிக்கொண்டு போகும் பெட்டியால் அது நடக்காது. இரண்டு முனைகளையும் தள்ளித்தள்ளி வைத்தால் புலம் விரியும் என்பதால்தான், மூழ்குவோருக்கான கருவியில் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள வால் ஒன்று பின்னால் இழுபடுகிறது. பலகையில் அந்த வசதியில்லை; பலகையின் நீளத்துக்குள்ளேயே முனைகளை ஒட்டவேண்டும். ஆகவே, எந்த நிறுவனம் எவ்வளவு பெரிய வட்டத்தைப் படமாக வரைந்து அதன் நடுவே சிரிக்கும் குடும்பத்தைக் காட்டினாலும், அந்த வட்டம் ஓரிரு மீட்டருக்கு மேல் போகாது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. மும்மடிக் கணக்கோடு வாக்குவாதம் செய்ய முடியாது.

ஓரிரு மீட்டர் போதுமா என்பதுதான் கேள்வி. அதைக் கணக்கால் சொல்ல முடியாது, சுறாவைத்தான் கேட்கவேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லி ஹூவெனியர்ஸ் குழு அதைச் செய்திருக்கிறது. போர்ட் லிங்கன் ஊருக்குத் தெற்கே, திறந்த கடலில், நெப்டியூன் தீவுகள் உள்ளன. நீர்நாய்போல் கரையில் படுத்துக் கிடக்கும் கடல்சீல்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருப்பதால் பெரிய வெள்ளைச் சுறாக்கள் அங்கே வருகின்றன. குழுவினர் அலைச்சறுக்குப் பலகை ஒன்றின் அடியில் சூரைமீன் துண்டைத் தொங்கவிட்டு, விற்பனையில் இருந்த ஐந்து பொருள்களை அதில் மாற்றி மாற்றிப் பொருத்தினர்: மின்புலக் கருவிகள் இரண்டு, காந்தப் பட்டை ஒன்று, பலகையைக் காலோடு பிணைக்கும், காந்தம் வைத்த கால்கயிறு ஒன்று, வாசனை மெழுகு ஒன்று. எதுவுமே பொருத்தாத வெறும் பலகையையும் அதே முறையில் இறக்கினர். 297 முறை சோதித்ததில், 44 தனித்தனிச் சுறாக்கள் 1,413 தடவை பலகையை நோக்கி வந்தன. 2018இல் முடிவு வெளியானது.

வெறும் பலகையில் வைத்த இரையில் 96 விழுக்காட்டைச் சுறா எடுத்துக்கொண்டது. ஃப்ரீடம் பிளஸ் சர்ஃப் என்ற மின்கருவி இருந்தபோது அது 40 விழுக்காடானது. மற்ற நான்கும் ஏறத்தாழ வெறும் பலகைக்குச் சமம். காந்தப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர்கள் இம்முடிவைப் படித்த இரவில் எப்படித் தூங்கினார்களோ தெரியவில்லை. வேலை செய்த அந்த ஒரு கருவியைப் பற்றிய இன்னோர் எண்ணும் அறிக்கையில் இருக்கிறது. விளம்பரங்களில் அதைப் பார்க்க முடியாது. கருவி இல்லாதபோது சுறா சராசரியாக 1.6 மீட்டர் வரை நெருங்கியது. கருவி இருந்தபோது 2.6 மீட்டர் வரை நெருங்கியது. ஆக, நான் பணம் கொடுத்து வாங்கவிருந்தது ஒரு மீட்டர்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு மீட்டர் என்பது சுறாவின் வாய்க்கும் ஒரு பெண்ணின் தொடைக்கும் இடையிலுள்ள தூரமாக இருக்கும்போது அது பெரிய தூரம். தவிர, அச்சோதனை கருவிக்கு வேண்டுமென்றே பாதகமாக அமைக்கப்பட்டது. மீன் இரத்தத்தைக் கரைத்து ஊற்றி அழைத்து வந்த, பசித்த, கண்ணெதிரே மீன் துண்டைப் பார்க்கும் வெள்ளைச் சுறாவையே அது பத்தில் ஆறு தடவை திருப்பியனுப்பியது என்றால், என்னவென்று பார்க்க மட்டும் நெருங்கும் சுறாவிடம் அது இன்னும் நன்றாகவே செயல்படக்கூடும். இதற்கு நேர்மாறான வாதமும் உண்டு. வெள்ளைச் சுறா சீலை வேட்டையாடும்போது அடியிலிருந்து செங்குத்தாக, நொடிக்கு எட்டு பத்து மீட்டர் வேகத்தில் பாய்ந்து வரும். அந்த வேகத்தில் இரண்டு மீட்டரைக் கடக்கக் கால் நொடி போதும். அடுத்த மின்துடிப்பு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். இதே குழு முந்தைய கருவியொன்றைச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவில், அசையாமல் தொங்கிய இரையைச் சுறா நிதானமாக, சற்று நேரம் எடுத்துக்கொண்டு, ஆனால் முன்போலவே தின்றுவிட்டது. தென்னாப்பிரிக்காவில் படகின் பின்னால் இழுக்கப்பட்ட சீல் பொம்மையின் மேலோ பாய்ச்சல்கள் குறைந்தன. நான் எதிர்பார்த்திருந்ததற்கு நேர்த் தலைகீழ். ஒரே கருவி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறது. என் தொழிலில் இப்படியொரு முடிவு வந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன்.

இந்த இடத்தில் எனக்குச் சொந்த ஊர் நினைவு வந்தது; வந்ததற்குக் காரணமும் உண்டு. நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் தெருவில் சங்கு குளிக்கப் போன மாமா ஒருவர் இருக்கிறார். உறவு ஒன்றுமில்லை, ஆனால் மாமாதான். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே பரம்பரையாக ஒருவர் இருந்தார் என்பதையும், அவருக்குக் கடல்கட்டி என்று பெயர் என்பதையும் முதலில் ஆங்கிலேயர் எழுதிய பழைய குறிப்புகளில்தான் படித்தேன். தொலைபேசியில் மாமாவிடம் கேட்டபோது, "சுறாவுக்கு வாய்க்கட்டு போடுறவரு. எங்க தாத்தா காலத்துக்கும் முந்தி" என்றார், நான் ஏதோ நேற்று ஓய்வுபெற்ற தாசில்தாரைப் பற்றிக் கேட்டதுபோல.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவே இவர்களைக் குறிப்பிடுகிறார். எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு. இருபதில் ஒரு பங்கு பெருமீன்களைக் கட்டுகிறவர்களுக்கு. மந்திரம் பகலுக்கு மட்டுந்தான். இரவில் அதை அவர்களே அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அப்படி அவிழ்ப்பதால் சுறா மறுபடி சுதந்திரமாகிவிடும். இருட்டில் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி எடுக்க எவனுக்கும் துணிவு வராது. இதை முதன்முறை படித்தபோது, பாதுகாப்புக் கருவிக்குள்ளேயே திருட்டுத் தடுப்பையும் வைத்த அந்த மூளையை வியந்து சிரித்துவிட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆயினும் கடல்கட்டி இல்லாமல் குளியாள் ஒருவனும் நீரில் இறங்கமாட்டான் என்பதால் அவரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

கடல்கட்டியின் மந்திரம் எத்தனை விழுக்காடு இரையைக் காத்தது என்று யாரும் அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. மந்திரம் போடாத முத்துக்குளிப்பு என்று ஒன்று நடந்திருந்தால்தானே ஒப்பிட்டுப் பார்ப்பது? ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்பது தெளிவு. சுறாவிடம் அவர் எதையும் செய்தாரோ இல்லையோ, மனிதரிடம் செய்தார். நூற்றுக்கணக்கான பேர் ஒரே இடத்தில் கூட்டமாக, சத்தத்தோடு இறங்கும்போது சுறா ஒதுங்கிப் போயிருக்கவும் கூடும். அந்தப் பெருமையும் அவர் கணக்கில் சேர்ந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை செய்ததும் ஏறக்குறைய இதுதான். கப்பல் மூழ்கினால், விமானம் விழுந்தால், சுறா தின்றுவிடும் என்ற பயம் வீரர்களிடையே பரவியபோது, தாமிர அசிட்டேட்டையும் கறுப்புச் சாயத்தையும் கலந்து வில்லையாக்கி, உயிர்காப்பு அங்கியோடு கட்டிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் சமையல் நிகழ்ச்சிகளால் உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்டு, அந்த வில்லையை உருவாக்கிய உளவுத்துறைப் பிரிவில் அப்போது பணியாற்றினார். தன் முதல் சமையல் குறிப்பு சுறாவுக்காகத்தான் என்று அவரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கடலில் கரையும் எதுவும் எல்லாத் திசையிலும் பரவி நீர்த்துப்போகும். இங்கேயும் அதே மும்மடிக் கணக்குதான். இரத்தம் கலந்த நீரில் வெறிகொண்ட சுறாக்களை அந்த வில்லை நிறுத்தவில்லை. இருந்தும் போர் முடிந்து பல ஆண்டுகள் அதை வழங்கிக்கொண்டே இருந்தார்கள், ஏனெனில் வில்லை கையில் இருந்தவன் தைரியமாக இருந்தான். கடல்கட்டிக்குக் கொடுத்த இருபதில் ஒரு பங்கு வீண்செலவு அல்ல என்றால் இதுவும் வீண்செலவு அல்ல. என் சிக்கல் வேறு. தைரியம் வந்தவன் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போவான். இருட்டும்வரை நீரிலேயே இருப்பான். ஒரு மீட்டரை வாங்கிக்கொண்டு, அதன் பெயரில் இருநூறு மீட்டர் கூடுதலாக உள்ளே போனால் கணக்கு எப்படி நேராகும்?

கருவியைத் தனிமனிதர் கட்டிக்கொள்வதற்குப் பதிலாக, அரசே சுறாவைக் கரையிலிருந்து விலக்கிவைக்கலாமே என்று மனைவி கேட்டாள். அரசுகள் முயன்று பார்த்த கதை நீளமானது. சிட்னியில் 1937 முதல் வலை போடுகிறார்கள். வலை என்றதும் கரையை முழுதாக மூடிய வேலி என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு வலையின் நீளம் 150 மீட்டர், உயரம் 6 மீட்டர். கரையோ அதைப்போல் பல மடங்கு நீளம். சுறா அதன் மேலே, கீழே, பக்கவாட்டில் தாராளமாகப் போய்வரலாம். பிடிபடும் சுறாக்களில் கணிசமானவை கரையில் விளையாடிவிட்டுத் திரும்பும் வழியில், உட்புறமாகச் சிக்குகின்றன. ஆக, அது வேலி அல்ல, மீன்பிடி வலை. சுறாவின் எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் நோக்கம். அதில் ஆமையும் டால்ஃபினும் திருக்கையும் சேர்ந்தே சாகின்றன.

எங்கள் மாநிலத்தில் 2010 முதல் 2013 வரை அடுத்தடுத்து ஏழு பேர் இறந்ததும், 2014இன் தொடக்கத்தில் பெர்த்திலும் தென்மேற்குக் கரையிலும் இரை மாட்டிய பெரிய தூண்டில் மிதவைகளைக் கட்டினார்கள். நான் அப்போது வேலைக்காக இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. காட்டஸ்லோ கடற்கரையில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு சுறாவுக்காகப் போராடியதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திகைத்தேன். சுறாப்புட்டு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அது புரியச் சில ஆண்டுகள் ஆயின. மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 172 சுறாக்கள் சிக்கின. அவற்றில் 163 புலிச்சுறாக்கள். மனிதரைக் கொன்றதாகக் கருதப்பட்ட வெள்ளைச் சுறா ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அதன் பின் வந்தவை நாகரிகமானவை. தூண்டிலைச் சுறா இழுத்ததும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் மிதவை. படகு போய்ச் சுறாவுக்கு அடையாளக் கருவி பொருத்தி, கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடும். அடையாளம் பொருத்திய சுறா, அதன் சமிக்ஞையைக் கேட்கும் கரையோரக் கருவியை நெருங்கினால் கைப்பேசிச் செயலிக்கு எச்சரிக்கை வரும். என் கைப்பேசியில் அது இருக்கிறது. வேலை நடுவே அது ஒலிக்கும்போதெல்லாம் என் வயிறு ஒருமுறை கலங்கும். அடையாளம் பொருத்தாத சுறாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வானிலிருந்து கண்காணிப்பதும் நடக்கிறது. ஆனால் நியூ சவுத் வேல்ஸில் சுறா வடிவப் பொம்மைகளை நீருக்குள் வெவ்வேறு ஆழத்தில் கட்டிவைத்து, பார்வையாளர்களைப் பறக்கவிட்டுச் சோதித்தபோது, சிறு விமானத்தில் இருந்தவர்கள் 12.5 விழுக்காட்டையும் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் 17.1 விழுக்காட்டையுமே கண்டுபிடித்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வை மனைவியிடம் நான் சொல்லவில்லை. ஹெலிகாப்டர் கடந்துபோகும் சத்தம் கேட்டால் அவள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். அதை நான் ஏன் கெடுக்கவேண்டும்? இதை எழுதும்போதுதான் நானும் ஒரு கடல்கட்டி வேலையைச் செய்திருக்கிறேன் என்று தெரிகிறது.

முழுமையான பாதுகாப்பு வேண்டுமென்றால் சுவர்தான். சிட்னிக் கரையோரப் பாறைகளில் வெட்டிய கடல்நீர்க் குளங்களும், காட்டஸ்லோவில் 2019இல் கட்டிய வளைவான தடுப்பும் அந்த வகை. அங்கே அலையில் சறுக்க முடியாது என்பது மகளின் ஒரே, ஆனால் அசைக்க முடியாத, மறுப்பு.

ஆராய்ச்சியில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று; அது இன்னும் கடைக்கு வரவில்லை. சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா ரயனும் நேதன் ஹார்ட்டும் மற்றவர்களும், தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில் சீல் வடிவப் பொம்மைகளின் அடிவயிற்றில் எல்இடி விளக்குகளைப் பொருத்திப் படகின் பின்னால் இழுத்தார்கள். வெள்ளைச் சுறா கீழிருந்து மேலே பார்க்கும்போது, ஒளிரும் வானத்தின் முன் இரையின் கரிய நிழலுருவம் தெரியும். விளக்கு அந்த நிழலை உடைத்துவிடுகிறது. 2024இல் வெளியான முடிவின்படி, பிரகாசமான விளக்கிருந்த பொம்மைகளைச் சுறாக்கள் தாக்குவது வெகுவாகக் குறைந்தது. ஆழ்கடலின் சில மீன்களும் கணவாய்களும் வயிற்றில் ஒளியைச் சுமந்து இதே தந்திரத்தைக் காலங்காலமாகச் செய்கின்றன. மின்கருவி, சுறா வந்த பிறகு கடைசி ஒரு மீட்டரில் மன்றாடுகிறது. விளக்கு, சுறா கிளம்புவதற்கு முன்பே கேள்வியைத் தீர்த்துவிடுகிறது. பொறியியலாக எனக்கு இரண்டாவதே உயர்ந்தது. காளைச் சுறாவும் புலிச்சுறாவும் இப்படி நிழலைப் பார்த்துப் பாய்பவை அல்ல என்பதால், அவற்றிடம் இது எடுபடும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.

முடிவில் கருவியை வாங்கினோம். சான்றளிக்கப்பட்ட கருவிகளுக்கு மாநில அரசு 200 டாலரைத் திருப்பித் தரும் திட்டம் 2017இலேயே தொடங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவில் கடலில் இறங்கும் ஒவ்வொருவரும் எப்போதும் இத்தகைய கருவி அணிந்தால், 2066க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடிபடாமல் தப்பலாம் என்று 2021இல் ஓர் ஆய்வு கணித்தது. ஒவ்வொருவரும், எப்போதும் என்ற சொற்களில்தான் பாரமெல்லாம் இருக்கிறது. காரில் சீட் பெல்ட் போடவே சட்டம் வேண்டியிருந்த உலகம் இது. என் மகளின் தோழிகளில் எவருடைய பலகையிலும் கருவி இல்லை. பெட்டியின் எடை பலகையின் வாலை இழுக்கிறதாம்.

கருவியோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக்கொண்டோம். விடியற்காலையிலும் அந்தியிலும் நீரில் இருக்கக்கூடாது. திமிங்கிலம் கரையொதுங்கிய வாரத்தில் கடற்கரைப் பக்கமே போகக்கூடாது. தனியாக ஒருநாளும் கூடாது. சுறாக்கடியில் இறப்பவர்கள் பெரும்பாலும் இரத்தப்போக்கால் இறக்கிறார்கள் என்பதால், இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை அடங்கிய சிறு பையொன்று காரில் எப்போதும் இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் அவசரச் சிகிச்சை மருத்துவரான நிக்கலஸ் டெய்லர் சோதித்துச் சொன்ன முறையொன்றை நாங்கள் மூவரும் வரவேற்பறைத் தரையில் படுத்துப் பழகினோம்: காலில் கடிபட்டவரின் இடுப்பெலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில், தொடை தொடங்கும் மடிப்பில், மடக்கிய கைமுட்டியை வைத்து முழு உடல் எடையோடு அழுத்தவேண்டும். பலகையின் கால்கயிற்றால் அவசரமாக இறுக்குவதைவிட அது இரத்த ஓட்டத்தை நன்றாக நிறுத்துகிறது. கருவி வாங்க ஆன பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை. இதற்கு டெஸ்ட் பட்டனும் உண்டு. அழுத்தும்போது பாதத்தில் நாடி நின்றுவிடுகிறதா என்று தொட்டுப் பார்க்கலாம். அழுத்தியது நான், "அப்பா, போதும்" என்று மகள் கத்தும்வரை அழுத்தினேன்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தைப் பற்றியும் பேசினோம். 2025இன் அறிக்கைப்படி ஓராண்டில் 357 பேர் இந்நாட்டு நீர்நிலைகளில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். சுறாவால் இறப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒப்பீட்டைச் சொன்னால் பயம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் போகவில்லை. இரண்டு பயங்களாக ஆனதுதான் மிச்சம். தூத்துக்குடியில் பிறந்தும் நாற்பது வயதில் இந்த ஊர் நீச்சல் குளத்தில்தான் நீந்தக் கற்றவன் நான்; மகளுக்கு அந்த ஓட்டத்திலிருந்து வெளியேறத் தெரியும், எனக்குத் தெரியாது.

சென்ற வாரம் மாமாவிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். முப்பதாண்டுகளுக்கு மேல் சங்கு எடுத்தவர். ஒருமுறைகூடச் சுறா அவரைத் தொட்டதில்லை. கணுக்காலில் ஆழமான தழும்பொன்று உண்டு. அது திருக்கை முள்ளால் வந்தது. மின்சாரம், மூக்குத்துளை, மும்மடிக் கணக்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏ மருமகனே, அது திருக்கைக்கும் புடிக்குமா?"

திருக்கையும் சுறாவின் இனந்தான், அதற்கும் அதே துளைகள் உண்டு, ஆகவே உணரும் என்றேன்.

"அப்போ அதச் சொல்லி விக்கச் சொல்லு. இங்க நாலு பேரு வாங்குவான்" என்றார்.